காசியம்மா நண்டு தின்னாத வருஷம்

நெடுங்காட்டுக் காசியம்மா வீட்டுக்குள் வந்த எதையும் வெளியே விடமாட்டாள். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு. மீன் செதில் எலுமிச்சைக்கு. சாணி மூன்று மா வயலுக்கு. பக்கத்து வீட்டுக் கோழி வந்து எச்சமிட்டால் விரட்டமாட்டாள். தன் கோழி அங்கே போனால்தான் விரட்டுவாள்.

கணவன் தங்கப்பனுக்கும் இதே சட்டம்தான். காரைக்காலுக்குப் போனாலும் அடக்கிக்கொண்டு திரும்பி வந்து, கொல்லைத் தென்னையடியில்தான் நிற்க வேண்டும். ஒருநாள் பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"எங்க விட்டுட்டு வந்தீங்க?"

"பஸ்ஸு நின்னுபோச்சு காசி. வாய்க்கால்லதான்."

"எந்த வாய்க்கால்? நமக்குப் பாயுறதா, நம்மகிட்டேருந்து போறதா?"

நல்லவேளை, பாய்கிற வாய்க்கால்.

எழுபத்தெட்டாம் வருஷம் மாடு செத்துப்போனது. அதற்கு முன்பே கறவை நின்று, சாணியும் குறைந்து, முந்தின குறுவையில் வயல் பாதிக்குப் பாதி பதர் கொடுத்திருந்தது. இன்னொரு தடவை அப்படி ஆனால் வீட்டில் உலை கொதிக்காது.

வைகாசியில் ராமநாதபுரத்துக் கருப்பையன் இருநூறு ஆடுகளோடு வந்தான். அறுத்த வயலில் மூன்று ராத்திரி ஆடுகளை மடக்கிப் படுக்க வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேரும். கிடை போடுவது என்பார்கள். மிச்சமிருந்த ஒரே நெல் மூட்டையைக் காசியம்மா அவனுக்குக் கொடுத்தாள். வயலுக்கு நடுவில் அடையாளமாக ஒரு பூவரசங்கிளையை நட்டுவிட்டு, தங்கையைப் பார்க்கத் தருமபுரம் போனாள். தங்கப்பனும் கூடப் போனான். மூன்று நாள் அவன் தருமபுரத்துக்கு உரமானதில் அவளுக்கு வருத்தம்தான்.

நாலாம் நாள் காலையில் வந்து பார்த்தால், அவள் வயல் துடைத்த தட்டாகக் கிடந்தது. அடுத்த வயலில், வைத்தியலிங்கத்தின் வயலில், புழுக்கை கறுப்பாகப் பரந்திருந்தது.

"கருப்பையா, கிளை நட்டிருந்தேனே!"

"கிளையா ஆத்தா?" கருப்பையன் ஆடுகளைப் பார்த்தான். ஆடுகள் வேறு பக்கம் பார்த்தன. "முன்னால வந்த குட்டிக என்னத்தையோ கடிச்சுக்கிட்டு இருந்துச்சுக. நான் வந்தப்ப ஒரு குச்சிதான் கிடந்துச்சு. குத்துமதிப்பா மடக்கிட்டேன்."

"அடையாளத்தைத் தின்னுட்டு அடுத்தவன் வயல்ல போட்டிருக்கா? நல்லா வளர்த்த!"

அவன் அடுத்த ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தான். தலையைச் சொறிந்தபடியே ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

காசியம்மா கூடையும் துடைப்பமுமாக வைத்தியலிங்கத்திடம் போனாள். அவன் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் எழுத்தர்.

"அக்கா, ஆட்டை நானா கூப்பிட்டேன்? தானா வந்துச்சு. தானா வந்ததை எந்த விதியில திருப்பித் தர்றது? மனு எழுதிக் கொடுங்க, பார்ப்போம்."

அன்று மத்தியானமே ஏர் பூட்டி உழுதுவிட்டான்.

காசியம்மா அழவில்லை. வரப்பில் நின்று இரண்டு வயலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் வயல் மேடு. அவளுடையது பள்ளம். அவளுக்குத் தனி வாய்க்கால் கிடையாது. அவன் வயலில் நிரம்பி மடை வழியே இறங்கும் தண்ணீர்தான். இருபது வருஷமாக அதைச் சொல்லிப் புலம்பியவள், அன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆனிக் கடைசியில் தண்ணீர் வந்தது. வைத்தியலிங்கம் வயலில் அது டீ நிறமானது. டீ தன் மடை வழியே கீழே இறங்குவதை அவனும் பார்த்தான். நடவு முடிந்ததும் மடையைச் சேறு வைத்து அடைத்தான்.

"தண்ணி இல்லேங்கலக்கா. சத்து மண்ணுல இறங்கட்டும், அப்புறம் விடுறேன்."

ஒரு வாரம் காசியம்மா வயல் வெடித்தது. பிறகு வரப்பில் நண்டுகள் வளை போட்டன. அவன் ஒன்றை அடைத்தால் மறுநாள் இரண்டு. டீ முதலில் சொட்டியது, பிறகு சலசலவென்று அவள் பயிரின் காலடிக்கு ஓடியது. வைத்தியலிங்கம் காலையில் ஆபீஸ் சட்டையோடு குனிந்து வளை அடைப்பான். ஆபீஸில் கோப்புகளில் சேற்று விரல் பதிந்தது.

"அக்கா, வருஷா வருஷம் கூடை கூடையா நண்டு புடிப்பீங்களே. புடிச்சிட்டுப் போறது!"

"இந்த வருஷம் ஒத்துக்கல தம்பி. தின்னா உடம்பெல்லாம் தடிக்குது."

வீட்டில் தங்கப்பன் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "நண்டைக் கண்ணுல பாத்து ரெண்டு மாசமாச்சே?"

"நண்டு வேலையில இருக்கு. தொந்தரவு பண்ணாதீங்க."

சத்தெல்லாம் போய்விட்டது என்று பயந்து வைத்தியலிங்கம் யூரியாவை வாரி இறைத்தான். உண்மையில் முக்கால்வாசி அங்கேயேதான் இருந்தது. இரண்டும் சேர்ந்து அவன் பயிர் கரும்பச்சையாக, இடுப்புக்கு மேல் எழுந்தது. ஊரே நின்று பார்த்தது. கதிர் வாங்கியதும் ஒரு மழைக்குப் பாய் விரித்ததுபோல் படுத்து, சேற்றில் முளைவிட்டது. காசியம்மாவின் பயிர் தலை மட்டும் குனிந்தது.

அறுத்து அடித்ததில் வருஷச் சாப்பாட்டுக்கு நெல் இருந்தது. அடுத்த கிடைக்கு ஒரு மூட்டையும் இருந்தது.

மறுநாள் அவள் வரப்பில் இறங்கி, வளை வளையாகக் கை விட்டு ஒரு கூடை நண்டு பிடித்தாள். குழம்பு வைத்து, ஒரு சட்டியை வைத்தியலிங்கம் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"என்னக்கா, தடிப்பெல்லாம் போயிடுச்சா?"

"நேத்தோட போயிடுச்சு தம்பி. சாப்பிடுங்க. உங்க வரப்பு நண்டுதான்."

அவன் சட்டியை வாங்கி மோந்து பார்த்தான். கோபப்படத்தான் நினைத்தான். மிளகு வாசனை விடவில்லை.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"நண்டு ஓட்டைத் தூக்கி எறிஞ்சிடாதீங்க. சட்டியிலயே போட்டு அனுப்புங்க. எலுமிச்சைக்கு வேணும்."