படிக்காமல் கிடந்த மெயில்

குடிகாட்டில் ஒரு ரசாயன ஆலை அலுவலகத்தில் எனக்கு வேலை; வீடு சிதம்பரத்தில். அலுவலகக் கணினி என் மெயில்களை இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து அழித்துவிடும். வீட்டுக் கணினியில் ஒன்றும் கிடைக்காது. அந்தக் கணினியை மாற்றப்போகிறார்கள் என்றதும் பதறிப்போனேன். துபாயில் திடீரென்று இறந்துபோன அண்ணனின் மெயில்கள் அதில்தான் இருந்தன.

மெயில்களை மாற்றிக்கொடுக்க, கீரப்பாளையத்திலிருந்து கணினி வேலை தெரிந்த ஓர் அம்மா ஸ்கூட்டியில் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வேலைக்கு நடுவே ஏதாவது மெயில் திறந்துகொண்டால், சட்டென்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மறுநாள் வீட்டுக்கே வந்து, எல்லாம் இரண்டு கணினியிலும் தெரியும்படி செய்துகொடுத்தார்.

"சார், இது ஒண்ண மட்டும் நீங்க படிக்கவே இல்ல போல" என்று தடித்த எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்.

அண்ணனின் பெயர். இறப்பதற்கு முந்தைய நாள் அனுப்பியது. அந்த வாரம் நான் விடுப்பில் இருந்தேன். திரும்பியபோது அது நூற்றுக்கணக்கான அலுவலக மெயில்களுக்கு அடியில் புதைந்துவிட்டிருக்கிறது.

"மொத தடவ சர்வர்ல ஏத்துனப்ப எல்லாமே படிச்ச மெயிலா மாறிடுச்சு சார். அதான் அழிச்சிட்டு திரும்பவும் மொதல்லேருந்து ஏத்துனேன்."

"இந்த ஒண்ணுக்காகவா?"

"உங்க அண்ணன் அனுப்புனது. நீங்கதான மொதல்ல தொறக்கணும்?"

சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கணினியோடு எத்தனையோ வருடம் புழங்கியிருக்கிறேன்; ஒரு தடித்த எழுத்துக்கு இத்தனை மரியாதை கொடுத்தவரை அதற்கு முன் பார்த்ததில்லை. மெயிலில் என்ன இருந்தது என்று அவர் இதுவரை கேட்டதுமில்லை.