மேலப் பாதை

எனக்கு நாக்கு ஒரு முழம் நீளம் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது வரைக்கும்தான். மிச்சத்தை பஸ்ஸிலும் டீக்கடையிலும் மீன் மார்க்கெட்டிலும் மற்றவர்கள் பேசக் கேட்டுப் படித்தேன். நல்ல பேச்சு ஒன்று காதில் விழுந்தால் அதை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் விடமாட்டேன். அப்படி எடுத்துவந்த ஒன்றால்தான் என் மச்சானும் நானும் இரண்டு வருஷம் முகம் பார்க்காமல் இருந்தோம்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஒரே அண்ணன். சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் வீடு, சொந்தமாக ஒரு வேன் வைத்து சவாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மகளுக்குப் பெயர் வைத்த அன்று, தேக்குத் தொட்டில் கொண்டுவருகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, கையில் ஒரு கிலுகிலுப்பையோடு கடலூரில் வந்து இறங்கினார். ஆசாரி ஏமாற்றிவிட்டாராம். உண்மையாகவும் இருக்கலாம். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் முந்தின நாள் ஒரு கீரைக்காரம்மா யாரையோ திட்டிய பேச்சு என் நாக்கிலேயே உட்கார்ந்திருந்தது. பந்தியில் வைத்துச் சொல்லிவிட்டேன்: "வாயில பாத்தா மழக்கால கெடிலம், கையில பாத்தா கோடக்கால கெடிலம்!"

கெடிலம் எங்கள் ஊர் ஆறு. மழைக்காலத்தில் கரை கொள்ளாது. கோடையில் காக்கா குளிக்கக் காணாது. பந்தியே சிரித்தது. மச்சான் ஒரு வாய்கூட வைக்காத இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

2008இல் மகளுக்குக் காது குத்த வேண்டிய வயது வந்தது. தை மாதம் என்று முடிவு செய்தோம். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மனைவி சொல்லி அனுப்பியதற்கு மச்சானிடமிருந்து பதில் வந்தது: "பத்திரிகையும் வேணாம், வெத்தல பாக்கும் வேணாம். அவுரு வாயால என்ன வான்னு கூப்டட்டும்."

"தாய்மாமனுக்குத் தானா வரத் தெரியாதா? நான் எதுக்குக் கூப்டணும்?" என்றேன்.

"அந்த வாயாலதான எங்கண்ணன் போச்சு. அந்த வாயாலதான் வரணும்" என்றாள் என் மனைவி. அண்ணன் உயிரோடு இருக்கும்போது பிள்ளையை வேறு யார் மடியிலாவது உட்கார வைத்தால் பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்று அழுதாள். நான் அசையவில்லை.

அழுது பலிக்காததால் ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வேறு வேலை செய்தாள். கல்வராயன் மலையில் மழை பெய்தால் மட்டும் விழுகிற அருவி ஒன்று இருக்கிறது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே நடந்து போகலாம் என்று மச்சான் ஒரு சவாரியில் கேள்விப்பட்டு வந்து சொல்லியிருக்கிறார். என்னிடம், அண்ணன் நம்மைக் கூப்பிடுகிறார் என்றாள். அவரிடம், நான் ஆசைப்படுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இரண்டும் பொய் என்று, சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போய் அவர் வேனில் ஏறிய உடனே இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் இறங்கவில்லை. யார் முதலில் இறங்குவது என்பதுதான்.

சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வரைக்கும் பேச்சே இல்லை. விருத்தாசலத்தில் மச்சான் வாயைத் திறந்தார். என்னிடம் இல்லை, என் மகளிடம். "பாப்பா, உங்கப்பாவ கதவ ஒழுங்கா சாத்தச் சொல்லு. இது ஒண்ணும் அவுங்க வூட்டு வண்டி இல்ல."

"பாப்பா, மாமாவ பள்ளம் பாத்து ஓட்டச் சொல்லு. உள்ள உக்காந்திருக்கறது நெல்லு மூட்ட இல்ல."

"பாப்பா, நெல்லு மூட்ட பேசாதுன்னு சொல்லு."

இரண்டு வயதுப் பிள்ளை யார் சொன்னதையும் யாருக்கும் சொல்லாமல் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். மங்கலம்பேட்டை, உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி என்று மலை அடிவாரம் வரைக்கும் இப்படித்தான்.

மலைமேல் தார் ரோடு முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் வழி சொன்னார்: "கொஞ்ச தூரம் போனா பாதை ரெண்டா பிரியும். மேலப் பாதையில போங்க. அர மணி நேரம்தான்."

பாதை பிரிந்தது. ஒன்று மரங்களுக்கு நடுவே மேடேறிப் போனது. இன்னொன்று மேற்குப் பார்த்துச் சரிந்து இறங்கியது. மச்சான் திரும்பிச் சூரியனைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"பாப்பா, மேலன்னா மேக்கு. இதான் பாதை" என்றார்.

எனக்கும் அதில் சந்தேகமே இல்லை. சிதம்பரத்தில் மேல வீதி மேற்கில் இருக்கிறது, கீழ வீதி கிழக்கில். கடலூரிலும் மேலண்டை வீடு என்றால் மேற்கு வீடு. "ஆமா, மேக்குதான்" என்றேன். அன்றைக்கு எங்களுக்குள் ஒத்துப்போனது அது ஒன்றுதான்.

முக்கால் மணி நேரம் நடந்தோம். இறக்கம், சுகமான நடை. மழையில் நனைந்த இலை காலடியில் மெத்தென்று இருந்தது. கடைசியில் பாதை ஒரு பாறையில் போய் முட்டி நின்றது. பத்து ஆள் உயரப் பாறை. அதில் எப்போதோ தண்ணீர் வழிந்த கறுப்புத் தடம் மட்டும் இருந்தது. ஒரு சொட்டு இல்லை.

மச்சான் மெதுவாக என் பக்கம் திரும்பினார். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக நேராகப் பேசினார்.

"இன்னா மாப்ள, வாயி துருதுருங்குதா? சொல்லுங்களேன். அருவி காட்றேன்னு கூட்டியாந்தவன் மொட்டப் பாறைய காட்டுறான். கோடக்கால கெடிலம்னு சொல்லுங்க. இங்க சிரிக்கறதுக்குப் பந்தி இல்லியேன்னு யோசனையா?"

பொய் சொல்வானேன், அது நாக்கு நுனியில்தான் இருந்தது. பாறையைப் பார்த்த நொடியிலேயே வந்துவிட்டது. மனைவி என் முகத்தையே பார்த்தாள். சொன்னால் காது குத்துக்கு மடி கிடையாது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன்.

"மேலன்னா மேக்குன்னு நானுந்தான சொன்னேன்" என்றேன்.

"அடேங்கப்பா, பெரிய மனசு" என்று காறித் துப்பினார்.

மேலே புதருக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "அருவிக்கா வந்தீங்க? மேலப் பாதையில போவாம இங்க எதுக்கு எறங்குனீங்க?"

"மேக்கதானம்மா வந்தோம்" என்றோம் இரண்டு பேரும் ஒரே குரலில்.

"மேக்கயா? மேலன்னா மேல. ஏறிப் போறது." கையை ஆகாயத்துக்குத் தூக்கிக் காட்டினார். "எந்த ஊரு நீங்க?"

"கடலூரு." "சிதம்பரம்."

"அதான பாத்தேன். மேடே இல்லாத ஊருக்காரங்களுக்கு மேல எதுன்னு எப்புடித் தெரியும்?"

அவர் சிரித்ததற்கு நாங்கள் இரண்டு பேரும் முறைத்தோம். திரும்பி ஏறினோம். மச்சான் முன்னால், நான் பின்னால், நடுவில் மனைவி.

மேலப் பாதையில் கால் மணி நேரத்திலேயே சத்தம் கேட்டது. அருவி பெரியது இல்லை, மூன்று படியாக விழுந்தது, ஆனால் நல்ல தண்ணீர். அதற்கு முன்னால் முழங்கால் அளவு ஓடை, அடியில் வழுக்குக் கல். மகளைத் தூக்கிக்கொண்டு நான் முதலில் தாண்டினேன், பின்னாலேயே மனைவி. மச்சான் அக்கரையிலேயே நின்றுவிட்டார். பெரிய உடம்பு, நீச்சல் தெரியாது. செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

மகளை மனைவியிடம் கொடுத்துவிட்டு ஓடை நடுவே போய் நின்று கையை நீட்டினேன். அருவிச் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது.

"வாங்க மச்சான்! ஒண்ணும் ஆவாது, வாங்க! வாங்கன்றேன்ல!"

வந்தார். என் கையைப் பிடிக்கவில்லை. தடுமாறிக்கொண்டே என்னைத் தாண்டிப் போய்த் தங்கச்சி கையைப் பிடித்துக் கரையேறினார். அருவியில் அவர் ஒரு ஓரம் குளித்தார், நான் ஒரு ஓரம். நடுவில் நல்ல தண்ணீர் யாருக்கும் இல்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது வேன் மங்கலம்பேட்டையைத் தாண்டியது. மச்சான் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "பாப்பா, உங்கப்பா என்ன வாங்கன்னு கூப்ட்டாரு. மூணு தடவ கூப்ட்டாரு. காது குத்துக்கு மாமா வருவேன்."

அது ஓடையைத் தாண்டக் கூப்பிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். மனைவியின் நகம் என் தொடையில் இறங்கியது. மூடிக்கொண்டேன்.

தையில் வந்தார். வேன் கூரையில் தேக்குத் தொட்டிலைக் கட்டிக்கொண்டு வந்தார். வேண்டுமென்றேதான். தூக்கி எங்கள் சின்னக் கூடத்தின் நடுவில் வைத்து, வந்தவர்கள் முன்னால் பிள்ளையை அதில் உட்கார வைத்தார். கால் இரண்டும் வெளியே தொங்கின. "பாப்பா, கோடக்காலம் முடிஞ்சிடுச்சின்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்றார். இந்த முறையும் எல்லோரும் சிரித்தார்கள்.

காது குத்தும்போது அவர் மடியில் பிள்ளை வீறிட்டாள். அவர் கண்ணும் கலங்கியது, என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. பந்தியில் நான்தான் பரிமாறினேன். எல்லாம் சாப்பிட்டார். கடைசியில், தலை நிமிராமல், "பாப்பா, உங்கப்பாவ மோர் ஊத்தச் சொல்லு" என்றார்.

ஊற்றினேன். மழைக்காலக் கெடிலம் மாதிரி, இலை கொள்ளாமல் ஊற்றினேன்.