மொத்த எழுத்தில் ஒரு பிழை

மன்னார் பட்டினத்து அச்சகமொன்றில் பதினொரு வருடமாகக் கணினியில் எழுத்துக் கோர்க்கிறேன். மரண அறிவித்தல்களுக்கு எங்களிடம் இருப்பது ஒரே எழுத்து வகைதான். பழைய ஈய அச்சைப் பார்த்துச் செய்தது. நிமிர்ந்த கோடுகள் தடிப்பு, வளைவுகள் மெல்லிசு, கோடு முடியும் இடத்தில் சின்னதாக ஒரு பாதம். சிறிதாக்கினால் ‘ண’வின் சுழிக்குள் மை அடைத்துவிடும். பெரிதாகப் போட்டால் தெருவின் மறுபக்கத்தில் நின்றே வாசிக்கலாம். பெருநாள் நோட்டீசுகளின் தலைப்புக்கும் அதுதான். வருகிறவர்கள் அதன் பெயரைக் கேட்பதில்லை. தடிப்பாகத் தெரிகிற அந்த மொத்த எழுத்தில் போடச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

அப்பா ஆஸ்பத்திரியில் விடியற்காலை இறந்துபோனார். தம்பி உடலோடு எங்கள் ஊரான பேசாலைக்குப் போனான். முதலாளி ஊரில் இல்லாததால், அப்பாவின் அறிவித்தலை அடிக்க நானே போய் அச்சகக் கடையைத் திறந்தேன். அழுகை வரவில்லை. அதற்கு முந்திய வாரம் முருங்கன் பக்கத்து விவசாயி ஒருவருக்குச் செய்த அறிவித்தலைத் திறந்தேன். எப்போதும் அப்படித்தான்; பழையதில் பெயர்களை மாற்றிக்கொள்வோம். அவருடைய படத்தை எடுத்துவிட்டு அப்பாவின் படத்தை வைத்தேன். தகனம் என்றிருந்ததை எங்கள் கிறிஸ்தவ வழக்கப்படி நல்லடக்கம் என்றும், மயானத்தைச் சேமக்காலை என்றும் மாற்றினேன். அப்பாவின் பெயர் நீளம். ஒரு வரியில் அடங்கவில்லை. எழுத்துகளின் இடைவெளியைக் குறைத்துக் குறைத்து அடக்கினேன். அதற்கே அரை மணித்தியாலம் போயிருக்கும்.

நூறு பிரதி அடித்தேன். தம்பியின் சிநேகிதர்கள் வந்து வாங்கிப்போய் ஊரெல்லாம் ஒட்டினார்கள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் மாமா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, ஒரு நோட்டீசைக் காட்டினார்.

“பிள்ளை, இதில கொம்மாட பேர் இல்லையே.”

‘அன்புக் கணவரும்’ என்பதற்கு முன்னால், அம்மாவின் பெயர் வரவேண்டிய இடத்தில், அந்த விவசாயியின் மனைவி பெயர் அப்படியே நின்றது. நான் அந்த வரியைப் பலதரம் பார்த்திருந்தேன். கோணாமல், இடைவெளி பிசகாமல் இருந்தது. வாசிக்கத்தான் இல்லை. அந்த எழுத்தில் எதைப் போட்டாலும் சரியாகத்தான் தெரியும்.

அம்மாவிடமிருந்து மறைக்க முடியவில்லை. யாரோ சொல்லிவிட்டார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தபடி என்னைக் கேட்டா.

“அது ஆர்?”

“போன கிழமை மனுசன் செத்த ஒரு அம்மா. முருங்கன் பக்கம்.”

“பிள்ளையள் இருக்கோ?”

“ஓம். மூண்டு பேர்.”

அம்மா தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியைப் பார்த்தா. என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

நான் திரும்பக் கடைக்குப் போய், அம்மாவின் பெயரை மட்டும் அதே எழுத்தில், அதே அளவில் அடித்துக் கீலம் கீலமாக வெட்டிக்கொண்டு வந்தேன். பொழுதுபடுவதற்குள் தம்பியும் நானும் நோட்டீஸ் நோட்டீசாகப் போய் ஒட்டினோம். தம்பி பசை வாளியைப் பிடித்தான். கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில், ஐஸ் கடைச் சுவரில் ஒட்டும்போது அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினான். நான் கீலத்தின் இரண்டு பக்கத்தையும் பெருவிரல்களால் அழுத்திக்கொண்டு, வரி நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பசை பிடித்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனேன்.