ஒரே கரையில் இரண்டு பிள்ளையார் கோயில்

ஒரு சுவரைப் பார்த்து ஒரு கரையே கோபப்பட்டதை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? நான் கண்டேன். போன வெள்ளிக்கிழமை காலையில். அதுவும் நான் இன்னும் வாங்காத வீட்டின் சுவர்!

வீடு தேடிக்கொண்டிருக்கிறோம் என்று இந்தப் பத்தியில் முன்பும் புலம்பியிருக்கிறேன். நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்துவிட்டார். மகளுக்கு அந்த வீடுதான் சீதனம். சித்திரை வருஷப்பிறப்புக்கு முன் நாங்கள் வீட்டை விட்டு எழும்ப வேண்டும். என் மனைவி பரமேஸ்வரி சட்டி பானைகளைக் கட்டத் தொடங்கிவிட்டாள்... கட்டி எங்கே கொண்டுபோவது என்பதுதான் தெரியவில்லை.

நான் சந்தையடியில் கற்பூரமும் சாம்பிராணியும் விற்கிறவன். என் கைக்கு எட்டும் வீடு சின்னதாகத்தான் இருக்கும், பழையதாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் நான் ஆயத்தமாகவே இருந்தேன்.

கடற்கரை ஓரமாக ஒரு வீடு விலைக்கு வந்தது. சொந்தக்காரர் அழகையா அண்ணர். துறைமுக டொக்யாட்டில் மெஷின் பழுது பார்த்து ஓய்வுபெற்றவர். மட்டக்களப்பில் மகனோடு போய் இருக்கப் போகிறாராம். விலையைச் சொன்னார். நான் காதில் விழுந்தது சரிதானா என்று இன்னொரு முறை கேட்டேன். அவ்வளவு மலிவு!

மலிவுக்குக் காரணம் இருக்கும் என்று பரமேஸ்வரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போனாள். வாசல் நிலை ஆள் உயரம்கூட இல்லாத பதிவு. குனியாமல் போனால் மண்டை உடையும். கோயில் கருவறை வாசல்போல இருக்கிறதே என்று எனக்கு அது பிடித்துப்போனது. கூரை ஓட்டுக்கிடையில் வானம் தெரிந்தது. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். பின்பக்கத்துக் குசினிக்குள், அதுதான் சமையலறைக்குள், எட்டிப் பார்த்தோம். ஒரு மான் நின்றது.

"இது..?" என்றேன்.

"மான்" என்றார் அழகையா அண்ணர்.

"மான் எண்டு தெரியுது அண்ணை. வீட்டோட சேர்த்தோ?"

"ஊருக்குள்ள திரியிற மான்தானே, தன்ர பாட்டில வரும், போகும். வெய்யிலுக்கு ஒதுங்குறது. நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ, அதுவும் ஒண்டும் செய்யாது."

பரமேஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

பின்வளவுக்குப் போனதும்தான் அதிசயம். வீடு முழுக்கப் பாசி பிடித்துக் கிடக்கிறது. கடலைப் பார்த்த பின்சுவர் மட்டும் தோய்த்துக் காயப்போட்ட வேட்டிபோலப் பளபளவென்று வெள்ளை!

"இதுக்கு மட்டும் சுண்ணாம்பு அடிச்சிருக்கிறியள்?"

"நானில்லை. கரைப் பொடியள். வருஷா வருஷம் தாங்களே வந்து அடிச்சிட்டுப் போவாங்கள். எங்கட அப்பா இந்தக் கரையில பெரிய மனிசன். அந்த மரியாதை." அண்ணரின் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

இவ்வளவு மரியாதை தெரிந்த அயலா! எனக்குப் பாதி மனம் அந்த இடத்திலேயே ஒத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேலால் ஒரு தலை எழும்பியது. கதிரேசு. நாலைந்து வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். கரையில் எல்லாரும் அவரைச் சம்மாட்டியார் என்பார்கள்.

"முதலாளி வீடு பாக்க வந்தனீங்களோ? மேல மாடி எழுப்புவியளோ?"

"கூரைக்கே வழியில்லை, மாடி எங்கால?"

"நல்லது, நல்லது. பின்னால மரம் கிரம்..?"

"ஓம், ஒரு வேம்பு நடுவம் எண்டு..."

அவருடைய முகம் கறுத்துப்போனது. வேம்பு என்று சொன்னேனா, வெடிகுண்டு என்று சொன்னேனா?

"வேம்பு வேண்டாம் முதலாளி. முன்னுக்கு நடுங்கோ. பின்னால ஒண்டும் வேண்டாம். அது நல்ல சுவர்."

என்ன அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன். பரமேஸ்வரி மட்டும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். "இஞ்சருங்கோ, பொம்பிளை பாக்க வந்தவங்கள் மாதிரியெல்லோ அந்த மனிசன் எங்களைப் பாக்குது. வீட்டை நாங்கள் பாக்கிறமோ, எங்களை வீடு பாக்குதோ?"

அழகையா அண்ணர் நல்ல மனிதர். மறுசாவி ஒன்றைத் தந்தார். "அவசரமில்லை. வந்து போய்ப் பாருங்கோ. பிடிச்சால் எடுங்கோ." நானும் வந்து போய்ப் பார்த்தேன். காலையில் பார்த்தால் வாங்கலாம் போலிருக்கும். மழைக்குப் பிறகு பார்த்தால் ஓடலாம் போலிருக்கும். இப்படி ஊஞ்சலாடிக் களைத்துப்போய், கரையில் இருக்கிற பிள்ளையார் கோயிலில் ஒரு நேர்த்தி வைத்தேன். 'அப்பனே, இந்த வீடு எனக்கு நல்லதென்றால் தடையில்லாமல் கைக்கு வரட்டும். உன் மதிலில் இருப்பதுபோலக் காவியும் வெள்ளையுமாக என் வீட்டுச் சுவர் ஒன்றுக்கும் கோடு போடுகிறேன்.'

நேர்த்தியைக் காரியம் முடிந்த பிறகுதானே செலுத்துவார்கள்? ஆனால் என் கடைக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் புத்தி வந்திருக்கிறது. காரியம் முடிந்ததும் பாதிப் பேர் மறந்துபோகிறார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று பிள்ளையாருக்குக் காட்ட வேண்டாமா? வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்க முதல் பிள்ளையாருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்!

எந்தச் சுவர்? அதையும் யோசித்தேன். மற்றச் சுவர்களைச் சுரண்டி, கழுவி, வெள்ளையடித்து, பிறகு காவி போட வேண்டும். பின்சுவரில் வெள்ளை ஏற்கனவே இருக்கிறது. காவிக் கோடு மட்டும் இழுத்தால் போதும். அழகையா அண்ணரிடம் கேட்டேன். "சாமிக் காரியம்தானே, போடுங்கோ" என்றார். வியாழக்கிழமை பின்னேரம் நானும் பரமேஸ்வரியுமாகக் கோடு போட்டு முடித்தோம். கடற்காற்று, காவி மணம், தூரத்தில் கோயில் மணி... திரும்பிப் பார்த்தால் சாட்சாத் கோயில் மதில்! இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

வெள்ளி விடிந்தது. கடை திறந்து முதல் கற்பூரம் கொளுத்தவில்லை, ஆள் ஓடி வந்தது. "முதலாளி, அழகையாண்ணை வளவுக்குக் கெதியா வரட்டாம்."

போனேன். வளவு நிறைய ஆட்கள். இடுப்பில் ஈரச் சாரத்தோடு, மணல் ஒட்டிய கால்களோடு, என் காவிக் கோட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

சம்மாட்டியார் முன்னுக்கு வந்தார். நெஞ்சுவரை நனைந்திருந்தார்.

"முதலாளி, இந்தக் கரைக்கு எத்தினை பிள்ளையார் கோயில்?"

"ஒண்டுதானே."

"விடியப்புறம் நான் கடலில நிண்டு பாக்கேக்க ரெண்டு!"

பிறகுதான் விளங்கியது. கரைக்கு முன்னால் கடலுக்குள் பாறைகள். அதற்கிடையில் வள்ளம் வர ஒரு வழிதான். கோயில் மதிலின் கோடு இடப்பக்கம், இந்த வெள்ளைச் சுவர் வலப்பக்கம், இரண்டுக்கும் நடுவே நேரே பிடித்தால் பத்திரமாகக் கரை. மதில் கோயிலுடையது. சுவரோ... அழகையா அண்ணரின் குசினிச் சுவர்!

அன்றைக்கு விடியப்புறம் வள்ளம் ஓட்டி வந்த சம்மாட்டியாருக்கு மங்கிய வெளிச்சத்தில் என் கோடுதான் முதலில் தெரிந்திருக்கிறது. சரி, கோயில் வந்துவிட்டது என்று கும்பிட்டிருக்கிறார். அதற்கு வலப்பக்கம் வெள்ளையைத் தேடியிருக்கிறார். அங்கே ஒரு விடுதிக்காரர் வெள்ளைக் கட்டில் விரிப்புகளைக் கொடியில் காயப் போட்டிருந்தார். அதுதான் சுவர் என்று நேரே பிடித்திருக்கிறார். காற்று அடித்தது. சுவர் மடிந்து விழுந்தது!

"சுவர் விழுமோ முதலாளி? நான் பயந்து திருப்ப, வள்ளம் மணல்திட்டில ஏறிட்டுது. நெத்தலி முழுக்கக் கடலுக்கு. மணலில ஏறினபடியால் நிண்டு கதைக்கிறம். மற்றப் பக்கம் திருப்பியிருந்தால் பாறை."

நேர்த்தி என்று நினைத்து நான் போட்ட கோடு... பிள்ளையாரே!

"முதலே ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே சம்மாட்டியார்?"

"எப்பிடிச் சொல்லுறது? முதல் வந்த ரெண்டு பேருக்கும் சொன்னனாங்கள், வேலிப் பக்கமே திரும்ப வரேல்லை. நீங்களாவது வாங்கட்டும், பிறகு மெல்லமாச் சொல்லுவம் எண்டு பாத்தம்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அழகையா அண்ணர் மெல்லக் கேட்டார். "அப்ப... இவ்வளவு காலமும் வெள்ளை அடிச்சது அப்பாவின்ர மரியாதைக்கு இல்லையோ?"

சம்மாட்டியார் தலையைச் சொறிந்தார். "மரியாதையும் இருக்குத்தான் அண்ணை..."

"ஒருத்தரும் இந்தச் சுவரில இனிக் கை வைக்கேலாது! வீடும் விக்கேல்லை! ஒருத்தருக்கும் இல்லை!" அண்ணர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோபத்தில் குனிய மறந்துவிட்டார் — 'டொங்' என்று ஒரு சத்தம் வேறு.

போச்சு. சித்திரை வருகிறது. கட்டி வைத்த சட்டி பானைகள் என் கண்ணுக்குள் வந்து நின்றன.

அண்ணரின் தடை ஒரு பக்கம் இருக்க, சுவரை வெள்ளையாக்க வேண்டுமே? அடுத்த விடியலுக்கும் வள்ளங்கள் வருமே? சுண்ணாம்பு வாளி வந்தது. பிரஷ் வந்தது. யார் அடிப்பது? நேர்த்திக் கோட்டை நான் அழிக்க மாட்டேன் என்றேன். சம்மாட்டியார் பிரஷை எடுத்தார், கோட்டைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம். இப்படி வளவு முழுக்கச் சுற்றி பிரஷ் திரும்ப என்னிடமே வந்தது! சற்று முன் சுவரைத் திட்டிய அத்தனை பேரும் பிள்ளையாரின் கோட்டில் கை வைக்கப் பயந்து நிற்கிறார்கள்.

கடைசியில் கோயில் ஐயரைக் கூட்டி வந்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நேர்த்தி என்னெண்டு வைச்சனீங்கள்?"

"சுவர் ஒண்டுக்குக் கோடு போடுறதெண்டு."

"எந்தச் சுவர் எண்டு பிள்ளையார் கேட்டவரோ?"

"இல்லை."

"பிறகென்ன? முன்சுவரில போடுங்கோ. இவ்வளவு பேரைக் கரை சேர்க்கிற சுவரிலதான் தனக்குக் கோடு வேணும் எண்டு அவர் கேப்பாரோ?" ஒரு தேங்காயை உடைத்தார். பிரஷை வாங்கி முதல் இழுப்பைத் தானே இழுத்தார். பிறகு பார்க்க வேண்டுமே! ஆளுக்கு ஆள் பிரஷுக்குச் சண்டை.

அழகையா அண்ணரைச் சமாதானம் செய்வதுதான் பெரிய பாடாகிப்போனது. பின்னேரம் கரை முழுக்கத் திரண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு, ஒரு பெரிய பாரை மீனையும் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனார்கள். "இது மரியாதைக்கு மட்டுந்தான் அண்ணை. சுவருக்கில்லை" என்றார் சம்மாட்டியார். அண்ணர் மீனைப் பார்த்தார். அன்றைக்கு வெள்ளி, அவர் மச்சம் தொட மாட்டார். நெற்றியில் வேறு வீக்கம். ஆனாலும் முகம் மலர்ந்துவிட்டது. "சரி சரி. இந்த மனிசன் எடுக்கிறதெண்டால் குடுப்பன்."

இப்போது பந்து என் காலடியில். மரம் நட முடியாது, மாடி எழுப்ப முடியாது, பின்சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் கரையைக் கேட்க வேண்டும். இது வீடா, கப்பலுக்கு வழி காட்டும் வெளிச்சவீடா? பரமேஸ்வரியிடம் கேட்டேன். "நல்லதுதானே? ஒரு சுவருக்காவது எங்களுக்குச் செலவில்லை" என்றாள்.

எனக்கு இன்னும் மனம் ஆடியது. திங்கட்கிழமை விடியற்காலை சம்மாட்டியார் என்னை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். "வாங்கப்போற சாமானை வடிவா ஒருக்காப் பாருங்கோ முதலாளி."

பாறைகளுக்கு வெளியே நின்று திரும்பிப் பார்த்தேன். ஓட்டை ஓடு தெரியவில்லை. பதிந்த வாசல் தெரியவில்லை. இருட்டுக்குள் நெற்றித் திருநீறுபோல ஒரு சின்ன வெள்ளை, அவ்வளவுதான். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் கோயிலைக் கும்பிட்டார்கள். கும்பிட்ட கையை இறக்காமல் அப்படியே என் குசினிச் சுவரையும் கும்பிட்டார்கள். அலை தூக்கித் தூக்கிப் போட்டது. வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, காலையில் சாப்பிட்ட இடியப்பத்தையெல்லாம் கடலுக்குக் கொடுத்து முடித்துவிட்டு, "அழகையாண்ணையிட்டச் சொல்லுங்கோ... எடுக்கிறன்" என்றேன்.

வீடு வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கிட்ட நின்று குறை பார்த்தது போதும், ஒருமுறை தூரத்தில் நின்றும் பாருங்கள் — ஆனால் வெறும் வயிற்றோடு போங்கள்!