ஐஸ்கிரீம் வகுப்பில் ஓர் இடம்

எல்க் ஹாலோ ஊரில், பண்ணைக்காரர்கள் ஊருக்கே வைக்கிற ஜூன் மாதப் பால் விருந்தன்று ஐஸ்கிரீமை வேண்டாம் என்று சொல்கிற ஒரே ஆள் டாக்டர் ஹேட்டி லுண்ட்கிரன்தான். பால் பண்ணைகளுக்குப் பேர்போன விஸ்கான்சினில் பிறந்து, பால் லாரி ஓட்டியவருக்கு மகளாக வளர்ந்துவிட்டு இப்படிச் சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும். பண்ணைக்காரர் ஆர்லோ வருஷா வருஷம் கிண்ணத்தை நீட்டுவார். அவளும் வருஷா வருஷம் தலையை ஆட்டுவாள்.

"பல்லு கூசுது ஆர்லோ."

"போன வருஷம் சர்க்கரைன்னீங்க டாக்டரம்மா. அதுக்கு முந்தி தொண்டைன்னீங்க. எங்க மாட்டு மேல என்ன கோபம்னு சொல்லிடுங்க, நான் அதுங்ககிட்ட பேசி வைக்கிறேன்."

பக்கத்து மேசைகளில் எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு யாருடைய முழங்காலையாவது விசாரிக்கப் போய்விடுவாள். மாடு பாவம், அது என்ன செய்யும்? அவளுக்குக் கோபமெல்லாம் தன் மேலேயேதான்.

அது கல்லூரி இரண்டாம் வருஷத்துக் கதை. ஹேட்டியும் வினி கோபிலின்ஸ்கியும் ஒரே அறை, இருவருக்கும் ஒரே கனவு. மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டுமானால் கரிம வேதியியல், இயற்பியல், உயிரியல் மூன்றையும் ஜனவரிப் பருவத்தில் ஒன்றாகத் தலையில் சுமந்தாக வேண்டும். மதிப்பெண் சராசரி கொஞ்சம் சறுக்கினாலும் அவ்வளவுதான், கதவு சாத்திவிடுவார்கள். ஆலோசகர் ப்ரூயிட் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"மூணு மூட்டை தூக்குறீங்க. நாலாவதா எடுக்குறதை லேசா எடுங்கம்மா. வீரத்தை எல்லாம் இங்க காட்டாதீங்க."

லேசு என்றால் அந்தக் கல்லூரியில் ஒன்றே ஒன்றுதான்: பால்பொருள் துறையின் ஐஸ்கிரீம் வகுப்பு. புதன்கிழமை மதியம் தலைக்கு வலைத்தொப்பி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு சுவையைச் செய்ய வேண்டும், ருசி பார்க்க வேண்டும், மிச்சத்தை டப்பாவில் அறைக்கு எடுத்துப் போகலாம். பரீட்சை கிடையாது. ஒழுங்காக வந்தவனுக்கெல்லாம் 'ஏ' கிடைக்கும். இடம்தான் குறைச்சல், காத்திருப்போர் வரிசையும் கிடையாது.

யார் அதிகம் படித்து முடித்திருக்கிறார்களோ அவர்களுக்குப் பதிவு முதலில் திறக்கும். ஹேட்டி பள்ளியிலேயே சில கல்லூரிப் பாடங்களை முடித்திருந்ததால் வினியைவிட இரண்டு நாள் முன்னால் அவளுக்குத் திறந்தது. அங்கே எல்லோரும் செய்கிற வேலையைத்தான் அவர்களும் செய்தார்கள். ஹேட்டி அந்த இடத்தைப் பிடித்து வைத்திருப்பாள். வினிக்குத் திறந்ததும் அவள் விடுவாள், வினி தாவிப் பிடிப்பாள். ஹேட்டிக்கு வேண்டியது இடைக்கால வரலாறு. வாரம் ஒரு கட்டுரை எழுத வேண்டிய கனமான வகுப்புதான், ஆனாலும் அவளுக்கு ஆசை. அதையும் பதிந்துகொண்டாள்.

அந்த இரண்டு நாளுக்கு நடுவில், அப்போது நடந்துகொண்டிருந்த பருவத்தின் வேதியியல் தேர்வு முடிவு வந்தது. ஹேட்டிக்கு ஐம்பத்தெட்டு. மூலக்கூறு எப்படித் திரும்பி நிற்கிறது என்று ஜெல்லி மிட்டாயையும் பல்குத்தும் குச்சியையும் வைத்து வினி சொல்லித் தந்திராவிட்டால் அதுவும் வந்திருக்காது. வினி எழுபது வாங்கியிருந்தாள்.

"விடு டி, அடுத்த தடவை பிடிச்சிடலாம்" என்று வினி மிட்டாய்களைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். "இந்தா, கார்பன் தின்னு."

ஹேட்டி வாங்கி, வாயில் போடாமல் மேசையில் வைத்தாள். மருத்துவர் இல்லாத ஊரிலிருந்து வந்தவள் அவள். ஊர்ப் பெட்டிக்கடையில்கூட அவளை 'நம்ம டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தெட்டோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊருக்குப் போவது?

குறித்த நாள் காலையில் நூலகத்தில் பக்கத்துப் பக்கத்துக் கணினிகளில் உட்கார்ந்தார்கள். வினி விரலை முறுக்கிச் சொடக்கு எடுத்தாள்.

"விடு இப்ப."

ஹேட்டியின் கை மவுஸின் மேல் இருந்தது. அழுத்த வேண்டிய இடத்தில் அம்புக்குறியும் நின்றது. அவள் அழுத்தவில்லை.

"விட்டுட்டேன்" என்றாள்.

வினி தட்டினாள், மறுபடி தட்டினாள். இடமில்லை, இடமில்லை என்றே திரை சொன்னது.

"எந்தக் கழுகு டி அது? கண்ணு இமைக்கிறதுக்குள்ள கொத்திட்டுப் போயிடுச்சு."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தாள், வந்தது வேறு. "என் வரலாற்றை எடுத்துக்கோ வினி. நான் விடுறேன். நான் புள்ளியியல் ஏதாவது பார்த்துக்கிறேன்."

இந்த முறை நிஜமாகவே அழுத்தினாள். வினி பிடித்துக்கொண்டாள். பிடித்ததும் திரும்பி ஹேட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்காக ஆசைப்பட்டதையே விட்டுட்டியே, பைத்தியம். இதை நான் மறக்க மாட்டேன்."

இப்படி ஒரு நன்றியை வாங்கிக்கொண்டு மனிதர் எப்படித் தூங்குவது? ஹேட்டி தூங்கவில்லை. ஆனால் மறுநாள் போய்ச் சொல்லவும் இல்லை. திருடினவளுக்குத் தியாகிப் பட்டமும் கிடைத்துவிட்டால் அதைக் கழற்றுவது லேசில்லை.

ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. புதன்கிழமை மதியம் புள்ளியியல் என்று சொல்லிவிட்டுப் போவாள். ஏலக்காய் போட்டு ஒன்று, புகையேற்றிய செர்ரி போட்டு ஒன்று என்று கை என்னவோ நன்றாகத்தான் செய்தது. ஆசிரியர்கூட அவளைப் பாராட்டினார். திரும்பும்போது டப்பா ஒரு பாரமாகிவிடும். பேருந்து ஓட்டும் லென்னர்ட் கையில் திணித்துவிட்டு இறங்குவாள்.

"இன்னிக்கு என்னம்மா?"

"வால்நட்."

"உங்க வீட்டுல யாரும் தின்ன மாட்டாங்களா?"

"மாட்டாங்க" என்பாள் ஹேட்டி. குளியலறையில் தலையை இரண்டு தடவை அலசிவிட்டுத்தான் வினியின் முகத்தில் விழிப்பாள்.

அங்கே வினி சிலுவைப் போர்களுக்கு நடுவே கிடப்பாள். கட்டுரைக்கு மேல் கட்டுரை. சனிக்கிழமை வேதியியலுக்கென்று ஒதுக்கியிருந்தவள் அதையும் ஏதோ ஒரு போப்பாண்டவருக்குக் கொடுத்துவிட்டாள். சத்தமாகச் சிரிக்கிறவள், சிரிப்பதையே குறைத்துக்கொண்டாள். ஹேட்டி அவளுக்குக் காப்பி போட்டுத் தருவாள், துணி துவைத்துத் தருவாள், மேற்கோள்களைச் சரிபார்த்துத் தருவாள். ஒன்றைத் தவிர எல்லாம் தந்தாள்.

மார்ச் மாதம் பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு பிற்பகலில் வினி அறைக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கெமிஸ்ட்ரியை விட்டுட்டேன். ப்ரூயிட் கையெழுத்து போட்டுட்டாரு. டாக்டர் வேலை எனக்கு இல்ல டி, முடிஞ்சுது." வகுப்புக்கென்று வாங்கியிருந்த மூலக்கூறு மாதிரிப் பெட்டியை எடுத்து ஹேட்டியின் மடியில் வைத்தாள். "இது உனக்கு உதவும். வச்சுக்கோ."

ஹேட்டி அந்தப் பெட்டியைப் பார்த்தாள். இதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"வினி, அந்த இடம்... அன்னிக்கு நூலகத்துல..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ விடலைன்னு. ரெண்டாவது வாரமே தெரியும். நெத்தியில வலைத்தொப்பி தடத்தோட வந்து நின்னே. எங்கப்பா சீஸ் ஆலையிலேருந்து தினம் அதே தடத்தோடதான் டி வீட்டுக்கு வருவாரு. எந்தப் புள்ளியியல் வகுப்புல தலைக்கு வலை போடுறாங்க? தலையை எவ்வளவு அலசினாலும் வெனிலா வாசனை வேற போகாது."

வினியின் குரலில் சூடே இல்லை. திட்டினால் தாங்கியிருப்பாள் ஹேட்டி.

"ஏன் கேக்கலை?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லுவே. அப்புறம் நாம ஒரே அறையில எப்படி இருக்கிறது? நீ பயந்துட்டேன்னு புரிஞ்சுது. எனக்கும் பயம்தான். நீயா சொல்லிடுவேன்னு பார்த்தேன்."

எழுந்து மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே பென்சில்களுக்குப் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டில் இரண்டு ஸ்பூன்கள் கிடந்தன.

"ஒவ்வொரு புதன்கிழமையும் கழுவி வைப்பேன். இன்னிக்காவது டப்பாவை வீட்டுக்குக் கொண்டு வருவா, ரெண்டு பேரும் திட்டிக்கிட்டே திங்கலாம்னு. சீட்டு போனாப் போகுது ஹேட்டி. ஒரு டப்பா கொண்டு வந்திருந்தா நான் சிரிச்சிருப்பேன்."

ஹேட்டி அழுதாள். வினி முதுகைத் தடவிக் கொடுத்தாள், அது இன்னும் கொடுமையாக இருந்தது. பருவம் முடிந்ததும் வினி வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள். சண்டை என்று ஒன்று இல்லை. சில வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது. ஹேட்டி பதில் எழுத உட்கார்வாள், எழுதாமல் எழுந்துவிடுவாள். பிறகு அதுவும் நின்றுபோனது.

ஐஸ்கிரீம் வகுப்பில் அவளுக்கு 'ஏ' வந்தது. சராசரியைக் கரை சேர்த்தது அந்த ஒரு எழுத்துதான். அது இல்லாவிட்டால் எல்க் ஹாலோவுக்கு டாக்டர் இல்லை. அதை அவளே கூட்டிப் பார்த்திருக்கிறாள். இத்தனை பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்த்தாயிற்று, இத்தனை பிரசவம் பார்த்தாயிற்று என்று மனசுக்குச் சொல்லியும் பார்த்தாள், அது கேட்பதாக இல்லை.

இந்த வருஷ விருந்தில் ஆர்லோ புதுசாக ஒன்று செய்தார். பெரிய கிண்ணமாக எடுத்து, வெனிலாவைக் குவித்து, மேலே இரண்டு ஸ்பூன் குத்திக் கொண்டு வந்தார்.

"தனியாத் தின்னத்தானே கூச்சம்? வாங்க டாக்டரம்மா, நானும் கூட உக்காருறேன்."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். ஒரு ஸ்பூனைக் கையிலும் எடுத்தாள். ஆர்லோ தன் பங்கை முடிக்கும் வரை அதைப் பிடித்தபடியே இருந்துவிட்டு, கழுவி வைக்கிறேன் என்று எழுந்து போனாள்.