அண்ணி வீட்டு ஊற்று

எங்கள் குளம் அப்புத்தளைக்கு இந்தப் பக்கம், பதனைப் புல்வெளிக்கு நடுவே இருக்கிறது. தோட்டத்துக்காக அந்தக் காலத்தில் மண்ணால் கட்டியது. கரையில் லீக்ஸும் போஞ்சியும் போடுகிறோம். ஆகஸ்டு வந்தால் எல்ல ஊரைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களில் கொஞ்சம் பேர் இங்கேயும் எட்டிப் பார்ப்பார்கள். அண்ணன் அவர்களுக்குத் தோணி விடுகிறார், புல்லில் கூடாரம் அடித்துக் கொடுக்கிறார். குளம் ததும்பி நின்றால்தான் போட்டோ அழகாக விழுமாம். அதற்காக மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் வாயை மண் மூட்டைகளால் அடைத்துவிடுவார்.

சீசன் முடிந்ததும் மூட்டைகளை எடுப்பதுதான் வழக்கம். இந்த வருடம் டிசம்பருக்கும் ஆள் வருகிறது என்று எடுக்கவே இல்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

அண்ணன் குடும்பம் இருக்கிற, வரிசை வீடுகளான லயம் குளக்கட்டுக்கு நேர் கீழே. ஒரு காலையில் அண்ணியின் அடுப்படித் தரையில் தண்ணீர் கசிந்து ஊறியது. மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குடத்தோடு வரிசையில் நின்றே பாதி ஆயுசைக் கழித்தவர் அண்ணி. அந்தத் தண்ணீரைக் கண்டதும் கும்பிட்டார். சுற்றிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் கொளுத்தினார். லயமே வந்து தலையில் தெளித்துக்கொண்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணி, இது சாமி இல்ல. கட்டு ஒழுகுது. மொதல்ல அந்த மூட்டைங்கள எடுக்கச் சொல்லுங்க."

"வாய மூடு. அம்மாவே வீடு தேடி வந்திருக்கா."

அண்ணனிடம் போனேன். மூட்டையை எடுத்தால் அம்மா கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்று அண்ணி சொல்லிவிட்டாராம். அவருக்கும் அது வசதியாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை பெருமழை. மேலே என் வீட்டுக்கு அண்ணியின் போன். குரலில் அத்தனை சந்தோஷம்.

"அம்மா நெறைய பொங்குறா. கொஞ்சம் கலங்கலா இருக்கு, அவ்வளவுதான்."

கலங்கல் என்றால் கட்டின் மண்ணே கரைந்து உள்ளே வருகிறது. "புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வெளிய வாங்க" என்று கத்தினேன்.

"அம்மாவுக்குப் பொங்கல் வச்சிருக்கேன். பொங்குனதும் வாறோம்."

இறங்கி ஓடினேன். பானையைத் துணியால் பிடித்துத் தூக்கி முற்றத்தில் கொட்டினேன். அலறிய பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். பின்னால் வந்த அண்ணி, நடு ரோட்டில் மண்ணை வாரி என்மேல் தூற்றினார். குடி கெடுத்தவள் என்றார். ஊரே பார்த்தது. அழுகையும் ஆத்திரமுமாக அப்படியே நின்றேன்.

அன்றைக்குக் கட்டு உடையவில்லை. உடைந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் உடையாததால் நான் பைத்தியக்காரி ஆகிவிட்டேன். இரண்டு நாள் கோயில் மடத்தில் படுத்துவிட்டு, நேற்று அவர்கள் அந்த வீட்டுக்கே திரும்பிப் போனார்கள். சின்னவளை மட்டுமாவது என்னிடம் விட்டுப் போகச் சொல்லிக் கெஞ்சினேன். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். மழை இன்னும் விடவில்லை.