ஆல்பா வெட்டிய நாற்காலி

என் நாத்தனார் ஆல்பாவின் வலது கை இடது கையைவிடப் பருத்தது. மொண்டேவிடியோவில் எங்கள் செர்ரோ மலையடியில் இருந்த இறைச்சி ஆலையில் சின்ன வயதிலேயே சேர்ந்து, எலும்பிலிருந்து சதையைப் பிரித்துப் பிரித்தே அப்படி ஆன கை அது. காளையின் தொடையை ஒற்றை ஆளாகத் தூக்கிக் கொக்கியில் மாட்டுவாள். அந்தக் கையை டிசம்பர் விருந்தில் அவள் புருஷன் வால்டெமார் முறுக்கினால் மட்டும் பேசாமல் நிற்பாள். தெருவில் பலருக்கு இது புரிந்ததில்லை. எனக்குப் புரியக் காரணம் என் மாமனார்.

மாமனார் ஃப்ளோரியாலுக்குக் கடவுளும் ஆகாது, பாதிரியும் ஆகாது. டிசம்பர் இருபத்தைந்தை எங்கள் நாட்டு நாட்காட்டி ‘குடும்ப நாள்’ என்றுதான் போடும். மற்ற வீடுகளில் அதை யாரும் சட்டை செய்வதில்லை. அந்த வீட்டில் அதுதான் வேதம். நானோ மாதா கோயிலுக்குப் போகிற வீட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதல் வருஷம் வாய் தவறிக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லிவிட்டேன். அவர் மேசையில் அறைந்த அறையில் ஒயின் கோப்பை உருண்டு விழுந்து உடைந்தது.

“இந்த வீட்ல யாரும் மாட்டுக் கொட்டாய்ல பொறக்கலம்மா. குடும்பம் ஒண்ணா உக்காந்து சாப்புடுது, அவ்ளோதான்” என்றார்.

மரம் வைப்பார்கள், ஆட்டுக்குட்டி சுடுவார்கள், பட்டாசு வெடிப்பார்கள், பிள்ளைகளுக்குப் பரிசும் உண்டு. குடில் மட்டும் கிடையாது. அதற்குப் பதிலாக மாமனார் ஒரு விதி வைத்திருந்தார்: குடும்ப நாள் மேசையிலிருந்து எவரையும் எழுப்பி அனுப்பக் கூடாது. திருடனானாலும் சரி. சாகக் கிடந்தபோதும் ஆல்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னார்.

வால்டெமார் பிழைத்தது அந்த விதியில்தான். மற்ற நாட்களில் குடித்துவிட்டு அடிப்பான். ஆல்பா வீட்டைவிட்டுத் துரத்துவாள். விருந்து தொடங்கும் இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் சைடர் என்கிற ஆப்பிள் மது பாட்டிலோடு வந்து மாமனாரின் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்வான். உட்கார்ந்தவன் எங்கள் டிசம்பர் கோடை முழுக்கப் போகமாட்டான். ஒரு வருஷம் அவள் பழ ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தபோதே அறைந்தான். கடைவாய்ப் பல்லைத் துப்பிவிட்டு மீதி ரொட்டியையும் வெட்டித் தட்டுகளில் வைத்தாள். என் பிறந்த வீட்டுப் பெண்ணாக இருந்தால் பாதிரியிடம் போய் அழுது, நாலு ஜெபம் சொல்லி விடுபட்டிருப்பாள். ஆல்பாவை அவள் அப்பாவின் வாக்கிலிருந்து விடுவிக்க யாரும் இல்லை.

பிறகொரு வருஷம் ஆல்பாவின் மகள் வயலெட்டா லாஸ் பியெத்ராஸ் ஊரிலிருந்து தன் சின்னப் பெண்ணோடு வந்தாள். இருபத்துநாலாம் தேதி காலையில் பின்கட்டில் ஆல்பா ஆட்டுக்குட்டியைக் கால்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

“அம்மா, அந்தாளு இன்னைக்கு மேசைல உக்காந்தா நான் எந்திரிச்சுப் போயிடுவேன். அப்புறம் வரவே மாட்டேன். எம்பொண்ணு இதப் பாத்து வளர வேணாம்.”

ஆல்பா குட்டியின் கழுத்தில் கத்தியை இறக்கினாள். ரத்தம் வாளியில் கொட்டியது.

“உங்க தாத்தா வச்ச மொறடி.”

“தாத்தா செத்துட்டாரும்மா. அடி வாங்க நீதான் இருக்க.”

குட்டி துள்ளி அடங்கும்வரை ஆல்பா பிடித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் தெருப் பிள்ளைகள் எங்கள் வாசலில் யூதாஸ் பொம்மையை உட்கார வைத்தார்கள். வயிற்றில் வைக்கோலும் வெடியும். ராத்திரி ஊரெல்லாம் கொளுத்தும், கடவுள் இல்லாத இந்த வீடும் கொளுத்தும். பொம்மைக்குச் சட்டை இல்லையென்று பேத்தி வந்து நின்றாள். ஆல்பா உள்ளே போய் வால்டெமார் விட்டுப் போயிருந்த பழுப்புக் கோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

“ஏய் கோயில்காரி,” என்று என்னைக் கூப்பிட்டாள். “இவன் அப்படி என்னதான் பண்ணான்? வருஷா வருஷம் கொளுத்துறோமே.”

“கூட இருந்த எங்க ஆண்டவரைக் காட்டிக் கொடுத்தான்க்கா. ஒரே மேசைல உக்காந்து சாப்ட்டுட்டு.”

“அப்பவே எழுப்பி வெளிய தள்ளியிருக்கலாமே?”

“அவருக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. ஆனா எழுப்பல.”

“அங்கயும் அப்படித்தானா!” என்று சொல்லிவிட்டுக் குடலைக் கழுவப் போனாள்.

வெயில் சாயும்போது வால்டெமார் சைடர் பாட்டிலோடு வந்தான். வாசலில் தன் கோட்டைப் பார்த்தான். ஓர் உதையில் யூதாஸின் தலை பிய்ந்து தெருவில் உருண்டது.

“என்னைக் கொளுத்துறியாடி? என்னையா?”

அடுப்பருகே நின்ற ஆல்பாவின் முடியைப் பிடித்து முகத்தைக் கறி சுடும் கம்பிகளை நோக்கி அழுத்தினான். புருவம் கருகும் வாடை எனக்கே வந்தது. என் வீட்டுக்காரர் லீபர் அக்காவை விடுவிக்கப் பாய்ந்தார். முழங்கையால் மூக்கில் ஒரு இடி. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வயலெட்டா கத்தவில்லை. குனிந்து பெண்ணின் காலில் செருப்பை மாட்டத் தொடங்கினாள். கம்பிக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்த ஆல்பாவின் கண் அந்தச் செருப்பைப் பார்த்தது.

தணல் தள்ளும் இரும்புக் கம்பி அவள் கையில்தான் இருந்தது. திரும்பி அவன் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் மற்றக் கையிலிருந்த பாட்டிலை அவள் நெற்றியில் உடைத்தான். சைடரும் ரத்தமும் கழுத்தில் வழிய, இரண்டாவது அடியை முழங்காலில் கொடுத்தாள். விழுந்தான். விழுந்தவன் ஊர்ந்து போய்க் கைவைத்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“குடும்ப நாளுடி இன்னைக்கு! உங்கப்பன் என்ன சொன்னான்? எழுப்பு பாப்போம்!”

ஆல்பா நின்றுவிட்டாள். கம்பி தாழ்ந்தது. வயலெட்டா இரண்டாவது செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“சொன்னவரு செத்துட்டாரு” என்றாள் ஆல்பா.

கம்பியைப் போட்டுவிட்டு, நாற்காலியை அவனோடு சேர்த்துத் தூக்கினாள். காளைத் தொடை தூக்கிய கை. அவன் அவள் தோளைக் கடித்தான். கடித்த வாயோடு வாசல்வரை சுமந்துபோய்த் தெருவில் கவிழ்த்தாள். தலையில்லாத யூதாஸின் மேலேயே விழுந்தான். ஆல்பா வெறும் நாற்காலியோடு உள்ளே வந்தாள். லீபர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தித் தாழ்போட்டார். அவன் வெகுநேரம் கதவை உதைத்தான். பிறகு நொண்டிக்கொண்டே மலையிறங்கிப் போனான். பின்னொரு வருஷமும் வரவில்லை.

சண்டையில் தணல் சிதறிப்போயிருந்தது. கறி அரைவேக்காடு. ஆல்பா கோடரியை எடுத்து நாற்காலியின் முதுகைப் பிளந்தாள்.

“அக்கா, அது மாமாவோட நாற்காலி” என்றேன்.

“தெரியும். கெட்டி மரம். நல்லா நின்னு எரியும்.”

ஒவ்வொரு கட்டையாகப் போட்டாள். தீ பிடித்துக்கொண்டது. நான் அவள் நெற்றிக்குத் துணி கட்டினேன். தோளில் பல் பதிந்த இடம் நீலமாக வீங்கியிருந்தது. தெருவில் பிள்ளைகள் தலையில்லாத யூதாஸைக் கோட்டோடு கொளுத்தினார்கள். வெடிகள் வெடித்தபோது ஆல்பா மட்டும் திடுக்கிட்டாள்.

வயலெட்டா பெண்ணின் செருப்புகளைக் கழற்றி மேசைக்கடியில் வைத்தாள். ஆல்பா முதல் துண்டை அறுத்து, பல் இருக்கிற பக்கமாக ஒதுக்கி மென்றாள்.

“உப்பு பத்தல” என்றாள். “யாராவது எடுத்துட்டு வாங்க.”